மூன்றாவது கோப்பையில் புகை

குற்றமில்லாத ஒரு மனிதரின் வேலை என்னால் போயிற்று. அவர் குற்றமில்லாதவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன். என் மனைவி கலாவுக்குக்கூடத் தெரியாது.

ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ருசி பார்ப்பது என் வேலை. காலையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஆறு நிமிடம் ஊறியதும் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவேன். பிறகு நோட்டில் ஒரு சொல் எழுதுவேன். முதலாளிகூட அதற்கு மறுபேச்சு பேசமாட்டார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு... கொஞ்சமென்ன, நிறையவே!

கொரோனா வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. போகும்போது ருசியையும் மணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எலுமிச்சை ஊறுகாயை வழித்து வாயில் போட்டேன். ஈரத் துணியை மென்றதுபோல் இருந்தது.

லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ருசி தெரியாதவனை எந்த ஃபேக்டரி வைத்துக்கொள்ளும்? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நிறத்தைப் பார்த்து, ஊறிய இலையை விரலால் பிசைந்து பார்த்து, குத்துமதிப்பாக எழுதினேன். இருபது வருஷப் பழக்கம் கைகொடுத்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. மூன்றாவது கோப்பையை உறிஞ்சினேன்... மூக்கில் சுருக்கென்று ஏறியது! வாடை! ஆமாம், புகை வாடை! எனக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. போனதையே சொல்லாதவன் வந்ததை எப்படிக் கத்துவது! அந்தச் சந்தோஷத்தையெல்லாம் சேர்த்து நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: புகை.

தேயிலையில் புகை ஏறினால் எல்லோரும் கைகாட்டுவது ஓரிடத்தைத்தான். இலையைக் காயவைக்கும் டிரையருக்கு ஒரு விறகடுப்பு உண்டு. அதன் புகை இரும்புக் குழாய்களுக்குள்ளேயே வெளியேறிவிட வேண்டும். குழாயில் ஓட்டை விழுந்தாலோ, ஈர விறகைத் திணித்தாலோ சரக்கு கெட்டது. அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் சின்னராசு. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தீயோடு இருந்தவர்.

மறுநாள் ஐந்து கோப்பைகளில் புகை. அதற்கு மறுநாள் எல்லாவற்றிலும்! எல்லாக் கோப்பையிலும் ஒரே வாடை என்றால் ருசி பார்ப்பவன் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் படவில்லை. படப் பிடிக்கவில்லை.

அடுப்பை அணைத்து ஆறவைத்தார்கள். சின்னராசு குழாய்ச் சந்துக்குள் ஊர்ந்து போய், முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார்.

"ஏனுங்க சார், கொழாய் அத்தனையும் தட்டிப் பார்த்துட்டனுங்க. ஓட்டையே இல்லீங்க. வெறகும் காஞ்ச வெறகுதானுங்க. இன்னொருக்கா குடிச்சுப் பாருங்க சார்."

குடித்தேன். புகைதான்.

"என் நாக்கு தப்பாதுங்க" என்றேன், முதலாளிக்கு எதிரில், எல்லோர் காதிலும் விழும்படி. குழாயில் ஓட்டை இல்லையென்றால் தப்பு அடுப்பைப் பார்த்தவருடையது என்று முடிவாயிற்று. அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கலா ரசம் ஊற்றினாள். புகை! அடிபிடித்துவிட்டதா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குளிக்கப் போனால் சோப்பிலும் புகை. அவள் தலையில் வைத்திருந்த மல்லிகையில்கூடப் புகை! டிரையரில் ஒன்றுமே இல்லை. அந்தப் புகை முழுக்க என் மூக்கில் இருந்தது.

திங்கட்கிழமை போய்ச் சொல்லியிருந்தால் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். சொன்னால் இரண்டு மாதம் நான் குத்துமதிப்பாக எழுதியதும் வெளியே வருமே... பேசாமல் இருந்தேன். புகை என்று ஒதுக்கி வைத்திருந்த தேயிலை மூட்டைகளைச் சில நாள் கழித்து நானே நல்ல சரக்கென்று எழுதி அனுப்பினேன். வாங்கியவர் யாரும் குறை சொல்லவில்லை. நோட்டில் அதன்பின் புகை என்று எழுதவே இல்லை. சின்னராசு போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஃபேக்டரியில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். சீ!

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த நாற்றத்தோடே சாப்பிட்டேன். போன மாதம் ஒரு காலை, மேசையில் கிடந்த ப்ளம்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன். புளிப்பு! அடடா, புளிப்பு! தோலில் துவர்ப்பு, அதற்குப் பின்னால் இனிப்பு! இன்னொன்று, இன்னொன்று என்று சட்டையெல்லாம் சாறு வழியத் தின்றேன். கடுகை மென்றேன், உப்பை நக்கினேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கலா சிரித்தாள். என்னையறியாமல் அழுதேன்.

அதற்கு அடுத்த வாரம் கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டேன். வழியில் நடுவட்டம் என்ற ஊரில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கினேன். கிளாஸை நீட்டியவர் சின்னராசு!

அவருக்குத்தான் எத்தனை சந்தோஷம்! வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். நான் குடித்தேன். இஞ்சி முன்னால் வந்தது, பால் மெதுவாகப் பின்னால். டீத்தூள் ஒரு நொடிகூட அதிகம் கொதிக்கவில்லை. என் நாக்கில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. என் ஆயுளில் அப்படி ஒரு டீ குடித்ததில்லை!

"எப்படி இருக்குதுங்க சார்?"

"நல்லா இருக்குதுங்க."

அவர் அடுப்பைக் காட்டினார்.

"கேஸ்தானுங்க வெச்சிருக்கறேன். ஊட்டுலயும் கேஸ்தானுங்க. வெறகுன்னாலே இப்ப பயமா இருக்குதுங்க. அன்னைக்கு எங்கியோ நாந்தான் கவனம் தப்பிட்டனுங்க. உங்க நாக்கு தப்பாதுங்களே."

இருபத்திரண்டு வருஷம் தீயோடு இருந்தவர் அதைச் சொன்னார். கோபம் துளியும் இல்லை. இப்போதாவது சொல், சொல்லிவிடு என்று உள்ளே ஒரே கூச்சல்...

இன்னொரு கிளாஸ் போடட்டுமா என்று கேட்டார். பஸ் கிளம்புகிறது என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது.