படுக்காத சிப்பாய்கள்

எங்கள் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடம்தான் கம்பெனி. ஆனால் அந்த யுத்த காலத்தில் மதராஸில் ஈயச் சிப்பாய் வேண்டுமென்றால் எங்களிடம்தான் வரவேண்டும். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டுமே, என்ன இப்போ!

என் கணவர் சரித்திர வாத்தியார். பழைய யுத்தங்களை ஈயச் சிப்பாய்களை வைத்துத் தரையில் மறுபடி நடத்திப் பார்ப்பது அவருடைய பைத்தியம். யார் எவ்வளவு தூரம் நகரலாம், பீரங்கி எப்போது சுடலாம், எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. குண்டு பட்டதா என்று தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பார். செத்த சிப்பாயைப் படுக்க வைப்பார். யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து சிப்பாய்கள் வருவது நின்றுபோயிற்று. அங்கே ஈயமெல்லாம் நிஜக் குண்டுக்குப் போய்விட்டதாம். மனுஷர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“நான் பண்ணித் தரேன், எழுந்திருங்கோ” என்றேன்.

வாய் வீரம்தான். கை கொடுத்தது மயிலாப்பூரில் பித்தளை வார்ப்புப் பட்டறை வைத்திருந்த பாய். பித்தளை கிடைக்காமல் அவர் பட்டறை ஈயடித்துக்கொண்டிருந்தது. அச்சுக்கூடத்தில் தேய்ந்துபோன ஈய எழுத்துகளை வாங்கி உருக்கி அவர் வார்ப்பார், நான் வர்ணம் தீட்டுவேன். நவாப் படை ஒன்று, பிரெஞ்சுப் படை ஒன்று. இரண்டும் அந்தக் காலத்தில் அடையாற்றங்கரையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், மோதிக்கொண்டவை. சீமைக் கம்பெனிக்காரன் இதையெல்லாம் செய்வானா? அவனுக்கு அடையாறு கிழக்கா மேற்கா என்று தெரியுமா?

மவுண்ட் ரோடு பொம்மைக்கடை முதலாளி ஒருவர், நவராத்திரி முடிந்ததும் வந்து பார்த்துப் பிடித்தால் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அது வராவிட்டால் பாய் பட்டறையை இழுத்து மூடவேண்டியதுதான்.

நவராத்திரி வந்தது. வருஷா வருஷம் கொலுவுக்குப் புதுப் பொம்மை ஒன்றாவது வேண்டும். அந்த வருஷம் எங்கே போவது? என் சிப்பாய்களையே வைத்தேன். படிக்கு முன்னால் மணல் பரப்பிப் பார்க் போடுவோமில்லையா, அதில் முகம் பார்க்கும் கண்ணாடிதான் அடையாறு. முளைவிட்ட கேழ்வரகுதான் வயல். இரண்டு கரையிலும் இரண்டு படை. வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் சுண்டலை மறந்து நின்றார்கள்.

நாலு நாள் போயிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து நின்றார், பாய் பின்னாலேயே.

“சாயங்கால ரயில்ல பெங்களூர் போறேன்மா. இப்பவே குடுங்க, அங்க கடைக்காரங்ககிட்ட காட்டணும்.”

“கொலுவில வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி எடுக்கமாட்டேன்.”

“இன்னாமா இது! வந்த ஆர்டரு வாசலோட போயிடும் போல கீதே!” பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அந்த ஆர்டர் வேண்டியதுதான். ஆனால் வைத்தது வைத்ததுதான்.

“எடுக்கத்தானே கூடாது? இங்கேயே ஆடிப் பாருங்கோ” என்றேன்.

முதலாளி நவாப் பக்கம், என் கணவர் பிரெஞ்சுப் பக்கம். முதல் குண்டிலேயே நவாப் சிப்பாய் ஒருத்தன் போனான். என் கணவர் பழக்கதோஷத்தில் அவனைப் படுக்க வைக்கக் கையை நீட்டினார்.

“ஐயையோ, கையை எடுங்கோ!” என்று கத்திவிட்டேன். கொலு முடிந்தது என்பதற்குத்தானே கடைசி நாள் ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம்? நட்ட நடு நவராத்திரியில் படுக்க வைப்பதாவது!

“அப்ப செத்தவனைத் திருப்பி வெச்சிடலாமா?” என்றார் முதலாளி.

“முதுகைக் காட்டிண்டா? என் சிப்பாய் எவனும் முதுகு காட்டமாட்டான்!” எனக்குக் கோபமே வந்துவிட்டது.

விறுவிறுவென்று உள்ளே போய் அட்சதைக் கிண்ணத்தை எடுத்துவந்தேன். செத்தவன் காலடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் அரிசி போட்டேன். “இனிமே இவன் ஆடமாட்டான். ஆனா நிப்பான்.”

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார். “அப்டிப் போடுங்க மொதலாளி!” என்று பாய் கூவினார். சரித்திரத்தில் தோற்ற நவாப் அன்றைக்கு எங்கள் கூடத்தில் ஜெயித்தார். ரயில் எப்போதோ போய்விட்டிருந்தது. மணல் முழுக்க மஞ்சள் அரிசி. இரண்டு படையிலும் ஒருத்தன்கூடச் சாயவில்லை.

முதலாளி எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, “பாய், பட்டறைய மூடிடாதீங்க” என்றார். பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

யுத்தம் முடிந்து சீமைச் சிப்பாய்கள் மறுபடி கடைக்கு வந்தார்கள், பளபளவென்று பெட்டியில். எங்கள் பெட்டி வெறும் அட்டை. உள்ளே ஓரமாக ஒரு பொட்டலம் மஞ்சள் அரிசி இருக்கும். அது எதற்கு என்று கேட்கிறவர்களிடம் முதலாளி சொல்வாராம்:

“சீமைச் சிப்பாய் செத்தா படுத்துடுவான் சார். இவன் மயிலாப்பூர்க்காரன், படுக்கமாட்டான்.”