அரை நொடி பின்னால்

இது நடந்தது. கேள்விப்பட்டதோ கனவில் கண்டதோ அல்ல; என் வீட்டு ஹாலில் எனக்கே நடந்தது. 2019 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.38 முதல் 4.22 வரை. படம் பார்க்கும்போது நேரம் குறித்துக்கொள்வது என் பழக்கம். அதனால்தான் நிமிடம் தவறாமல் சொல்ல முடிகிறது. முதல் பாதிக்கு என் அண்ணன் சாட்சி. மீதிக்குச் சாட்சி ஒரு பழுப்பு உறை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் யகோதா. வயது நாற்பத்தாறு. போலந்தில் லூப்லின் நகரம், நான்காவது மாடி வீடு. பகலில் நூலகத்தில் வேலை. வாரம் ஒருமுறை உள்ளூர் இணைய இதழில் ‘சோபாவிலிருந்து’ என்று ஒரு பத்தி எழுதிவந்தேன். அந்த வாரம் வீட்டில் பார்த்த படங்களைப் பற்றி, படத்துக்கு மூன்று வரி. விமர்சனம் என்றெல்லாம் சொல்ல முடியாது. மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலத்தான் இருக்கும்.

‘ஜப்பான் படம். ஒரு குடும்பம், ஒரு ஏரி, யாருக்கும் நீச்சல் தெரியாது. இரண்டே கால் மணி நேரம் கழித்து நாய் மட்டும் கரையேறியது. நாய்க்காகப் பார்க்கலாம்.’

‘வங்கிக் கொள்ளைப் படம். திருடர்களைவிட வங்கி மேலாளர் அழகு. அவரை ஏன் பத்தாவது நிமிடத்தில் கொன்றார்கள் என்று புரியவில்லை.’

இப்படி. நாலாயிரம் பேர் படிப்பார்கள். நக்கல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஆறாயிரம்.

எங்கள் டி.வி.யில் வெளிநாட்டுப் படம் வந்தால் கதாநாயகி, வில்லன், குழந்தை என்று எல்லோருக்கும் ஒரே ஆண் குரல்தான். அவரை லெக்டர் என்போம். அவர் நடிக்க மாட்டார். தாளைப் பார்த்துப் படிப்பார். நடிகர்களின் குரலை அடியில் தாழ்வாக ஓடவிட்டு, அரை நொடி பின்னால், ஏற்ற இறக்கமே இல்லாமல், மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டு போவார். எல்லாவற்றையும் படிக்க நேரம் போதாது என்பதால், கதைக்குத் தேவையில்லாத வரிகளை முன்பே பென்சிலால் அடித்துவிடுவார். படம் முடிந்ததும் ‘படித்தவர் இன்னார்’ என்று தன் பெயரைச் சொல்லி முடிப்பார். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அப்படி ஒருவர் பேசுவதே எங்கள் காதில் விழாது. காதில் விழாதவரைத்தான் நல்ல லெக்டர் என்பார்கள்.

இரெனியூஷ் குலிக் முப்பத்தொரு வருடம் காதில் விழாமல் படித்தவர்.

அந்த வருடம் மார்ச்சில் ஒரு படத்தைப் பற்றி இப்படி எழுதினேன்: ‘படம் பரவாயில்லை. ஆனால் லெக்டர் குலிக் எப்போதோ இறந்துவிட்டார். யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.’

ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். சவப்பெட்டியில் ஒலிவாங்கியோடு படுத்திருப்பது போல யாரோ அவர் படத்தை வெட்டி ஒட்டினார்கள். மே மாதம் அவரை நிறுத்திவிட்டு ஓர் இளைஞரைப் போட்டார்கள். ஜூனில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்தது.

‘மதிப்புக்குரிய அம்மையாருக்கு, தங்கள் வரிகளைப் படித்தேன். பதில் சொல்ல எனக்கு அவசரமில்லை. நான் எப்போதும் அரை நொடி பின்னால்தான் வருவேன். இ. குலிக்.’

அந்தக் கடிதத்தையும் பத்தியில் போட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘எழுத்திலும் ஏற்ற இறக்கம் இல்லை, பாருங்கள்.’ அந்த வாரம் ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள்.

செப்டம்பர் 29ஆம் தேதி குலிக் இறந்துபோனார். செய்தி இரண்டு வரியில் வந்தது. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

நவம்பரில் உள்ளூர் வானொலி, வாரம் ஐந்து நிமிடம் சினிமா பற்றிப் பேச ஆள் தேடியது. வானொலியில் பேச வேண்டும் என்பது எனக்குச் சிறு வயது ஆசை. இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கழித்துவிட்டார்கள். இந்த முறை கடைசி மூவரில் நானும் இருந்தேன். புதுப் படம் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, பதிவு செய்து, டிசம்பர் 8, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். குரலை வைத்துத்தான் தேர்வு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணன் கிராட்சியன் வந்தான். டிராலி பஸ் ஓட்டுபவன். ஐந்து மணிக்கு அவனுக்கு வேலை. சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு சோபாவில் சரிந்தான்.

“என்ன படம்?”

“டென்மார்க் படம். தெரிஞ்ச மூஞ்சி யாரும் இல்ல.”

“அப்ப நல்ல படம். நான் தூங்கிடுவேன்.”

3.10க்குப் படம் தொடங்கியது. முதல் வசனம் வந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஏய், இது குலிக் இல்ல? நீ கொன்னியே, அந்த ஆளு?”

“நான் யாரண்ணே கொன்னேன்? அவருக்கு எழுவது வயசு.”

“சரி சரி, போறதுக்கு முன்னாடி படிச்சு வெச்சிருப்பாரு.”

“ம்.”

அந்தப் படத்தின் வேலைகள் அக்டோபர் கடைசியில்தான் முடிந்தன என்று அன்று காலை படித்திருந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

3.38. அண்ணன் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “டீயில எலுமிச்சை போட மறந்துட்ட” என்றான்.

“தேநீரில் எலுமிச்சை போட மறந்துவிட்டாய்” என்றது டி.வி.

திரையில் ஒரு வெறும் சாலை. ஓரத்தில் ஒரு குதிரை. ஆள் யாரும் இல்லை.

“குதிரைக்கும் எலுமிச்சை வேணுமாம்” என்று அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது டி.வி.க்குள் ஒரு சத்தம் கேட்டது. சரக்... தாளைப் புரட்டுகிற சத்தம்.

3.46. “அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் கொற.”

“அண்ணா, ஒலியைச் சற்றுக் குறை.”

திரையில் பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது. அண்ணன் ரிமோட்டை அழுத்தினான். இருபதிலிருந்து எட்டு. படத்தின் இசை தாழ்ந்தது. காற்றின் சத்தம் தாழ்ந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

விதை கொறிப்பது நின்றது.

“யகோதா... வாயத் தொறக்காத.”

“யகோதா, வாயைத் திறக்காதே.”

ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை. குரலும் பேசவில்லை. படத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். அதை அது படிக்கவில்லை. எங்களுக்காகக் காத்திருந்தது.

3.51. அண்ணன் எழுந்தான். “எனக்கு வேல இருக்கு. கெளம்புறேன்.”

“எனக்கு வேலை இருக்கிறது. கிளம்புகிறேன். பயமாக இருக்கிறது.”

அண்ணன் என்னைப் பார்த்தான். கடைசி இரண்டு வார்த்தையை அவன் சொல்லவில்லை. ஆனால் அது பொய்யும் இல்லை.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தான். “நீயும் வா. என் பஸ்ல உக்காந்துக்கோ. பின் சீட்டுல உக்காந்து பேசி அனுப்பு.”

“மோட்டார் சத்தத்துலயா? டி.வி.தான, அணைச்சிட்டாப் போச்சு. நீ போண்ணே.”

ஹாலிலிருந்து அதுவும் படிக்கப்பட்டது. அண்ணன் லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடிக்கும் அவன் காலடிச் சத்தம் கேட்டது.

4.02. டி.வி.யை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கித் தரையில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும். வீடு அமைதியாக இருந்தது.

4.05. போனைக் கையில் எடுத்துப் பேசத் தொடங்கினேன். நன்றாக வந்தது. ஐந்து நிமிடமும் தடுக்கவில்லை. குதிரையைப் பற்றி ஒரு ஜோக் கூடச் சொன்னேன்.

4.11. போட்டு, அங்கங்கே தள்ளிவிட்டுக் கேட்டேன்.

என் குரல் எங்கோ அடியில் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல. அதற்கு மேலே, அரை நொடி பின்னால், ஓர் ஆண் குரல் நான் பேசியதை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தது. குதிரை ஜோக்கையும் படித்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல்.

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் பேசிப் பார்த்தேன். 4.15க்குக் கேட்டேன். அதேதான். என் குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது.

ஒருவேளை எனக்கு மட்டும்தான் இப்படிக் கேட்கிறதோ... மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்குமோ... இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று வராது. 4.17க்கு முதல் பதிவை அனுப்பிவிட்டேன்.

போனை அணைத்தேன். ஹாலுக்கு வந்தேன்.

“போதும்” என்றேன்.

“போதும்.”

இந்த முறை போனிலிருந்து வரவில்லை. டி.வி.யிலிருந்தும் வரவில்லை. பிளக் தரையில்தான் கிடந்தது.

எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். சோபா. விதைப் பொட்டலம். வேறு ஒன்றும் இல்லை.

“யாரு?”

“யார்?”

“என்ன வேணும்?”

“என்ன வேண்டும்?”

ஒவ்வொரு முறையும் என் குரல் ஒரு படி இறங்கியது. யாரோ ஒலிக் குமிழை மெல்லத் திருப்புவது போல... 4.20க்கு என் வாயிலிருந்து வந்தது கிட்டத்தட்ட வெறும் காற்று.

அவர் எதற்காக வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

“ஐயா... நான் எழுதினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க.”

4.21.

அரை நொடி.

ஒரு நொடி.

பத்து நொடி...

அது படிக்கவில்லை.

எலுமிச்சையைப் படித்தது. குதிரையைப் படித்தது. இதைப் படிக்கவில்லை.

சரக்...

தாள் புரண்டது. 4.22.

“படித்தவர் இரெனியூஷ் குலிக்.”

அவ்வளவுதான். அதன் பிறகு அந்தக் குரல் என் வீட்டில் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை வானொலியிலிருந்து பதில் வந்தது. ‘நீங்கள் அனுப்பிய பதிவில் பேசும் ஆண் யார்? அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். தொடர்பு எண் அனுப்பவும். பின்னணியில் ஒரு பெண் முணுமுணுப்பது தொந்தரவாக இருக்கிறது. அதை மட்டும் நீக்கிவிடலாம்.’

தொண்டை மருத்துவர்கள் மூன்று பேர் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் என் குரல் அன்று இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கடையில் ரொட்டி கேட்டால் மூன்று முறை கேட்க வேண்டும். போனில் சுத்தமாகக் கேட்பதில்லை. அதே டென்மார்க் படத்தை அண்ணன் தன் வீட்டில் போட்டுப் பார்த்தான். லெக்டராக, குலிக்குக்குப் பதில் வந்த அந்த இளைஞர்தான் படித்தாராம்.

ஜனவரியில், குலிக்கின் கடிதத்தில் இருந்த முகவரியைத் தேடி, ரயில் ஏறி வார்சாவுக்குப் போனேன். குலிக்கின் மனைவி ஆரேலியா கதவைத் திறந்தார். நான் பெயரைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுதிக் காட்டினேன்.

சீட்டை நெடுநேரம் பார்த்தார். “நீங்கதானா அது.”

நான் குனிந்து காலணியைக் கழற்றப் போனேன்.

“கழட்ட வேணாம். ரொம்ப நேரம் இருக்கப் போறதில்லையே.”

உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழுப்பு உறையோடு வந்தார்.

“நீங்க வந்தா குடுக்கச் சொன்னாரு. வருவாங்கன்னாரு. நான்தான் நம்பல.”

“என்னம்மா இது?”

“சத்தமாப் பேசுங்க.”

உறையைக் காட்டினேன்.

“அவரு கடைசியாப் பாத்த வேல. யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன், சொல்லல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து பென்சில வெச்சுத் திருத்திட்டே இருந்தாரு. மே மாசத்துக்கு அப்புறம் அவர் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.”

கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டில் நின்றே உறையைப் பிரித்தேன். ஆறு தாள். லெக்டர்கள் வைத்துப் படிக்கும் அதே வகைத் தாள். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் வசனம். முதல் தாளின் மேலே தேதி: செப்டம்பர் 27. அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து வாரம் முன்பு.

15.38.12 தேநீரில் எலுமிச்சை போட மறந்துவிட்டாய்.

15.46.30 அண்ணா, ஒலியைச் சற்றுக் குறை.

15.51.04 எனக்கு வேலை இருக்கிறது. கிளம்புகிறேன். 

இந்த வரியின் பக்கத்தில், தட்டச்சில் இல்லாத இரண்டு வார்த்தையைப் பென்சிலால் சேர்த்திருந்தார்.

நான் வானொலிக்குப் பேசிய ஐந்து நிமிடமும் இருந்தது. குதிரை ஜோக்கும் இருந்தது.

கடைசித் தாளில், அவர் பெயருக்கு முந்தைய வரி:

16.21.07 ஐயா, நான் எழுதியது தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்.

அந்த வரியின் மேல் ஒரு நேர்க்கோடு. பென்சிலில், அளவுகோல் வைத்து இழுத்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்:

‘விட்டுவிடலாம். கதைக்குத் தேவையில்லை.’