மூன்று தட்டுக்கு ஒரு பதில்

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு நஷ்டமில்லை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் பல வருடங்களாக விஸ்கிக்கு மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, உலர்த்துகிறவன் நான். குடித்துவிட்டு உளறுகிறேன் என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. அன்று நான் டீகூடக் குடிக்கவில்லை.

டிசம்பர். மாலை ஐந்துக்கே கும்மிருட்டு. முளைவிட்ட பார்லியைச் சூளையின் மேல்தளத்தில், ஓட்டை போட்ட இரும்புத் தகடுகள்மேல் பரப்பியாகிவிட்டது. இனி கீழே நான் தீ மூட்ட வேண்டும். தாமதித்தால் முளை நீண்டு, உள்ளே இருக்கும் இனிப்பெல்லாம் போய்விடும். போன மாதம்தான் ஒரு சூளை மால்ட்டைக் கெடுத்திருந்தேன். மேனேஜர் மோராக் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "டூகல், இதுவும் வீணாச்சுன்னா வேற வேலை பாத்துக்கோ."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தீ மூட்டுமுன் இரும்புத் தூணில் மூன்று முறை தட்டுவோம். மேலே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு வரும். அந்த ஆள் இறங்கும்வரை தீ கிடையாது. உள்ளே மாட்டினால் புகையே கொன்றுவிடும்.

தட்டினேன்.

டங்... மேலிருந்து ஒன்று.

ஃபின்லேதான். மால்ட்டைச் சமமாகப் பரப்புகிறவன். எப்போதோ வேலை முடித்து பப்புக்குப் போயிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

"டேய், சீக்கிரம் இறங்குடா!"

கால் மணி நேரம் போனது. யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடி ஒன்று. இப்படி என்னைச் சீண்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிழைப்பு போகிறது, இவனுக்கு விளையாட்டு!

"அங்கேயே கிடந்து வேகு! நான் பத்தவைக்கிறேன்."

தீக்குச்சியை உரசினேன்.

டங். டங். டங். டங்...

நிற்கவேயில்லை. நேராக என் தலைக்கு மேலே.

குச்சியை எறிந்துவிட்டுப் படியேறினேன். அவனை நாலு அறை விட வேண்டும் என்றுதான் போனேன்.

கதவைத் திறந்தேன். சத்தம் நின்றது.

ஃபின்லே கதவோரமாகவே கிடந்தான். குப்புற. மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. கைகள் இரண்டும் உடலுக்கு அடியில்.

மூச்சு இருந்தது.

சத்தம் வந்தது மறு கோடியிலிருந்து. அங்கே டார்ச் அடித்தேன்.

பரப்பிய மால்ட் அப்படியே இருந்தது... ஒரு காலடித்தடம்கூட இல்லை.

மோராக்கைக் கூப்பிட்டு, இருவருமாக அவனைத் தூக்கி இறக்கினோம். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விழுந்து ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும். இவர் விரலைக்கூட அசைச்சிருக்க முடியாது."

மால்ட் கெட்டுத்தான் போனது. மோராக்கும் என்னோடு சேர்ந்து அதை அள்ளிக் கொட்டினாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஃபின்லே கண் விழித்தான்.

"டூகல்... என் பக்கத்துல படுத்திருந்தானே, யாருப்பா அவன்?"

"யாருமில்லையேடா."

"இருந்தான். உடம்பு நெருப்பா கொதிச்சுது. காதுக்குள்ளயே சொல்லிட்டிருந்தான்..."

"என்னன்னு?"

"நானும்தான் தட்டினேன்... எனக்காக எவனும் காத்திருக்கல."