‘காலு வலிக்குது’ பொத்தான்

போன வாரம் அலுவலகத்திலிருந்து புதிய மடிக்கணினி வந்தது. அலுவலகம் கொழும்பில், நான் ஹட்டனில், வாடகை வீட்டின் முன்னறையில். திரையில் ஜன்னலும் பொத்தானும் வரைந்து தருகிற லைப்ரரி ஒன்றை அதில் போட வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி தட்டினேன். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் தானாக இறங்கி, தானாகப் பொருந்தி, சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று ஜன்னல் திறந்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு நாளாவது நம்மை அழவைக்காமல் இது வரலாமா என்று தோன்றியது.

அந்தச் சாம்பல் நிறம் என்னை விடவில்லை. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கி லயம் என்கிற வரிசை வீடுகளின் வாசல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும்போது இதே நிறம்தான். எங்கள் வீட்டு வாசலையும் அது மூடிய பிறகு, உள்ளே அம்மா கட்டிலில் சாய்ந்திருப்பது கோட்டோவியம் போலத் தெரியும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் அது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மலையில் அவளோடு கொழுந்து எடுத்த பெண்களில் உரத்த குரல் அவளுடையது. பக்கத்து மலையில் நிற்கிறவர்களோடு நின்ற இடத்திலிருந்தே கதை பேசுகிறவள். அவளுக்கு இப்போது தொண்டையில் ஒரேயொரு சத்தம்தான் மிச்சம். அதைக் கேட்டுத் தண்ணீர் கொண்டுபோனால் தலையை ஆட்டுவாள். கம்பளி கொண்டுபோனால் கண்ணை மூடிக்கொள்வாள். கடைசியில் அழுவாள். என்ன வேண்டும் என்று சொல்ல முடியாமல் பெற்றவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் அப்போது ஹட்டனில் கணினி வகுப்பில் படித்துக்கொண்டு, அங்கேயே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரைகுறையாகத் தெரிந்த வித்தையைத்தான் மனிதர்கள் அதிகம் நம்புவார்கள் போலிருக்கிறது. படம் போட்ட பெரிய பொத்தான்கள் உள்ள ஒரு ஜன்னல் செய்வது என்று முடிவு செய்தேன். டீக்கு ஒரு கோப்பை, தண்ணீருக்கு ஒரு குவளை, குளிருக்குக் கம்பளி, வலிக்குக் கால். எழுத்துத் தெரியாத அம்மா இடது கையால் படத்தை அமுக்க வேண்டும். வகுப்பில் கழித்துவிட்டதென்று வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்த பழைய கணினி அவளுக்காகப் பேசும்.

என் கூட்டாளி பரீனா இல்லாமல் இது நடந்திருக்காது. வகுப்பில் என் பக்கத்து நாற்காலி அவள். அவளுடைய வாப்பாவுக்கு நோர்வூட் டவுனில் இரும்புக் கடை. மாடியறையில் இணையத் தொடர்பு இருந்தது. எங்கள் லயத்திலோ கைபேசியில் இணையம் கிடைப்பதே கோயில் படியில் நின்றால்தான். ஆகவே எல்லா வேலையும் அந்த மாடியறையில் நடந்தது. இன்றைக்கும் எங்காவது பெயின்ட்டும் புதுக் கயிறும் சேர்ந்து மணத்தால், என் மனம் கம்பைலரைத்தான் நினைக்கும்.

கம்பைலர் என்பது நாம் எழுதியதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற மென்பொருள். அதனிடம் லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடுகிற ஹெடர் கோப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, லைப்ரரி எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் எந்தக் கோப்பை எடுத்து இணைக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறந்தால் திரை நிறையச் சிவப்பு வரிகள் வரும். எல்லா வரியும் சொல்வது ஒன்றுதான்: நீ இருக்கிறது என்கிறாய், எனக்குக் கிடைக்கவில்லை. பரீனா அதற்கு அசரமாட்டாள். “வாப்பாட கடைக்கு வர்ற ஆளுங்க மாதிரிதான் இதுவும். ஆணி இந்தப் பக்கம்னு காட்டினா பத்தாது, எடுத்துக் கையில குடுக்கணும்” என்பாள்.

நாங்கள் இறக்கிய லைப்ரரி வேறொரு கம்பைலருக்குச் செய்தது என்பதே தாமதமாகத்தான் புரிந்தது. அப்புறம் லைப்ரரியையே முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. பகல் முழுக்க எழுத்துகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். பரீனாவின் உம்மா அனுப்பிய இஞ்சித் தேநீரோடு நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஒரு பக்கமாகப் போகும், திரையில் வரிகள் ஒரு பக்கமாகப் போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் கடையும் தெருவும் நாங்களும் மெல்ல மேலே போவது போலிருக்கும். பாதியில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. நான் புரொஜெக்ட் ஃபோல்டருக்கு ஆசையாகத் தமிழில் ‘அம்மா’ என்று பெயர் வைத்திருந்தேன். கம்பைலர் அந்தப் பாதையைப் படிக்க மறுத்துவிட்டது. ஆங்கில எழுத்தில் மாற்றிய பிறகுதான் சமாதானமானது.

கடைசியில் ஒருநாள் வெற்று ஜன்னல் திறந்தது. பரீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதைப் போல. நான் அழுதேன்.

குரல்களை லயமே கொடுத்தது. ‘டீ குடுங்க’ என்று பக்கத்து வீட்டு மலரக்கா சொன்னாள். ‘தண்ணி’ நான். ‘குளிருது’ என்று மலரக்காவின் புருஷன், நிஜமாகவே நடுங்கிக்கொண்டு சொன்னார். காலுக்கு அண்ணன். அவன் கட்டாருக்கு வேலைக்குப் போக நாள் குறித்தாகிவிட்ட சமயம் அது. முன்பெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் அம்மா வாசலில் உட்கார்ந்து சொல்வதை அப்படியே இழுத்துச் சொன்னான்: “ஐயோ, காலு வலிக்குது, யாராச்சும் வாங்களேன்.” சொல்லி முடித்துச் சிரித்ததும் சேர்ந்து பதிவாகிவிட்டது. கோணலான வாயோடு அம்மாவும் சிரித்தாள். கணினியில் சத்தம் வர லைப்ரரியின் இன்னொரு பகுதியை இணைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிவப்பு வரிகளைப் பற்றிச் சொல்லி உங்களை நோகடிக்க மாட்டேன்.

அண்ணன் போனான். அம்மா இடது கையால் மௌஸ் பிடிக்கப் பழகிக்கொண்டாள். கொழுந்து எடுத்த விரல்களுக்கு அது பெரிய வேலை இல்லை. டீ கேட்டாள், தண்ணீர் கேட்டாள், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் அமுக்கியது காலைத்தான். அமுக்கிய ஒவ்வொரு தடவையும் நான் நோவெண்ணெயோடு ஓடுவேன். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். காலில் புதிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வலியைச் சொல்லத் தெரிந்துவிட்டது, தீர்க்க வழியில்லை என்று நான் மனம் உடைந்துபோனேன்.

இதற்கிடையில் எங்களுக்குத் தொழில் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டால் கை சும்மா இருக்குமா? பதிவுகளின் பின்னால் தகரக் கூரையில் மழை, நாய் குரைப்பு, சிரிப்பு எல்லாம் கேட்கிறதே, ஒரே குரலில் சுத்தமாகச் செய்வோம் என்று திட்டம் போட்டோம். அத்தனையும் என் குரலில் பதிந்து, பழைய கோப்புகளின் மேலேயே எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா காலை அமுக்கினாள். என் குரல் வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி என் குரல். மௌஸைத் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு டீக்குக்கூட அமுக்கவில்லை. பழைய சத்தம்தான், பழைய அழுகைதான். நான் முட்டாள்தனமாகப் புரொஜெக்ட் அமைப்பில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். கஞ்சி கொண்டு வந்த மலரக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

“ஒங்கம்மா காலு வலின்னா அத அமுக்குனாங்க? மகன் கொரல கேக்கத்தானே அமுக்குனாங்க.”

அண்ணன் போன் பண்ணாமல் இல்லை. ஆனால் பதில் வராத போனில் எவ்வளவு நேரம் பேச முடியும்? சாப்பிட்டீங்களா அம்மா என்பான், அந்தச் சத்தம் கேட்கும், அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிடுவான். அம்மா பேசுவதற்காகப் பொத்தான் செய்தோம். காதால் கேட்பதற்கு அவளுக்கு ஒன்று வேண்டியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கே நோர்வூட்டுக்கு இறங்கினேன். பழைய கோப்புதான் அழிந்துவிட்டதே என்று பஸ்ஸில் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போனேன். பரீனா ஃபோல்டர்களைத் திறந்துகொண்டே போனாள். கம்பைலர் ஒரே புரொஜெக்டை இரண்டு விதமாகக் கட்டும்: செய்கிறவர்கள் பிழை தேடுவதற்கு ஒன்று, பிறருக்குக் கொடுப்பதற்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர். நாங்கள் புதுக் குரல்களைப் போட்டது கொடுக்கிற ஃபோல்டரில் மட்டும். பிழை தேடுகிற ஃபோல்டரை மறந்தே போயிருந்தோம். அதற்குள் அண்ணன் இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இந்தா, இருக்கான்” என்றாள் பரீனா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்தக் குரலை மறுபடி போட்ட பிறகு அம்மா எத்தனை தடவை அமுக்கினாலும் நான் கணக்கில் எடுக்கவில்லை. எண்ணெய் மட்டும் தேய்த்துவிடுவேன், வீணாகப் போகாதே. அண்ணன் முதல் லீவில் வந்திருந்தபோது அவளிடம் போய் உட்கார்ந்தான். அவன் இருந்த நாட்களில் டீ, தண்ணீர், கம்பளி என்று கேட்டாளே தவிர, காலை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அவனை வேனில் ஏற்றிவிட்டு நான் திரும்பி வாசலுக்கு வருகிறேன், உள்ளே காலு வலிக்குது என்று கேட்கிறது.

அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. பரீனா கல்யாணமாகிக் கண்டிப் பக்கம் போய்விட்டாள். அந்த மாடியில் இப்போது செருப்புக் கடையின் சாமான்கள். லயத்தில் நாங்கள் இருந்த பக்கத்தை இடித்துவிட்டார்கள். மாடியறைக் கணினி எப்போதோ விற்றுப்போயிற்று; எங்கள் வீட்டுக் கணினி ஒரு மழைக்காலத்தில் செத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுபோய்விட்டது. அந்தப் பழைய லைப்ரரியும் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அண்ணன் கட்டாரிலிருந்து ஒரேயடியாக வந்து நோர்வூட்டில் ஆட்டோ ஓட்டுகிறான். அதிகம் பேசுவதில்லை. புது மடிக்கணினி வந்த அன்று அவனிடம் போய், அந்த வரியை ஒரு தடவை சொல்லு என்று கேட்டேன். கூச்சப்பட்டான், பிறகு சொன்னான். நான் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குரல் அவனிடமும் இல்லை.