அவசர ஜன்னல்

மும்பை மாட்டுங்காவில் தாத்தா நடத்திய மெஸ் வெகுநாள் பூட்டிக் கிடந்தது. அதைப் புதுப்பித்து, குடும்பமாக ஓட்டல் நடத்த முடிவு செய்தோம். எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பக்கச் சுவரில் அடைத்திருந்த சின்ன ஜன்னலைக்கூட உடைத்துத் திறக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் அதற்கு 'அவசர ஜன்னல்' என்று பெயர். உட்கார நேரமில்லாதவர்கள் வெளியே நின்றபடியே காபி வாங்கிக் குடிப்பார்களாம். பார்சலுக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று அதே பெயரில் போர்டும் எழுதி வாங்கிவிட்டேன்.

ஜன்னல் திறந்த அன்று, கொத்தனார் அருள் வெளியே சந்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார். தாராவிக்காரர், என் வயதுதான். உள்ளேயிருந்து காபியை நீட்டி, "முதல் கஸ்டமர் நீங்கதான்!" என்றேன்.

அவர் வாங்கவில்லை.

"எங்கய்யாவும் இங்கனதான் நின்னு வாங்குவாவ சார். தோல் வேலைக்காரங்கள உள்ள விட மாட்டாவளாம்."

"இல்ல... அவசரமா போறவங்களுக்குன்னு..."

"எங்கய்யா டூட்டி முடிஞ்சுல்லா வருவாவ. அவுகளுக்கு என்ன சார் அவசரம்?"

கோபமே இல்லாமல் கேட்டார். காபியோடு என் கை வெளியே நீண்டபடியே இருந்தது. 'உள்ளே வாங்க, உட்கார்ந்து குடிக்கலாம்' என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. "இதை இன்னிக்கே அடைச்சிடுங்க" என்றேன், அதையும் அவரிடமே.

அவர் செங்கல் எடுக்கப் போனார்.

அன்றைக்கு அவசரம் எனக்குத்தான் இருந்தது.