மாப்பிள்ளையின் காலரில் கேரவே எண்ணெய்

கேரவே எண்ணெய் பழசாகப் பழசாக நன்றாக இருக்கும் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வருடம் நம்பினேன். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் போகுமுன் அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்து, பாவம் அதுவும் மூச்சு விடட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்து மூடி வைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் இருபத்தைந்து வருடமாக அத்தர் கடை வைத்திருக்கிறவன் செய்த வேலை இது.

கடையில் இருந்த மற்ற சரக்குதான் என்னைக் கெடுத்து வைத்திருந்தது. சந்தன எண்ணெயில் இறக்கிய அத்தருக்கு வயது ஏற ஏறத்தான் மரியாதை. பத்து வருடத்துச் சரக்கு என்று சொன்னால் வாங்க வந்தவர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அதே மரியாதையைக் கேரவேக்கும் கொடுத்தேன். கேரவே என்பது ஒரு விதை; பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா இருக்கிறதே, ஏறக்குறைய அதே குடும்பம். எங்கள் பேட்டை மளிகைக் கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில்தான் அள்ளிப் போடுவார்கள். விதையை ஆவியில் வடித்தால் இந்த எண்ணெய் வரும். தனியாக மோந்தால் தம் போட்ட அண்டாவைத் திறந்த மாதிரி இருக்கும். லாவெண்டர் கலவையில் ஒரே ஒரு சொட்டு விட்டால் மட்டும் மசாலா ஒளிந்துகொண்டு, வெளுத்த சட்டையை உதறிய மாதிரி ஒரு சுத்தம் முன்னால் வந்து நிற்கும். அடியில் புதினாவின் சில்லிப்பு. இதில் மணக்கிற சரக்கும் ஒருவகைப் புதினாவில் மணக்கிற சரக்கும் இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி என்பார்கள். அமைப்பு ஒன்றுதான், திரும்பி நிற்கிறது.

இரண்டு சொட்டு விட்டால் கதை வேறு. ஒருமுறை அப்படி விட்டுப் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். பக்கத்தில் தொழுதவர் ஸலாம் கொடுத்த கையோடு, “எந்த மண்டபத்துல விருந்து?” என்று கேட்டார்.

மண்டபம் என்றதும் நினைவு அங்கேதான் போகிறது. எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம். அதன் சொந்தக்காரர் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். அவருடைய ஒரே மகனுக்கு நிக்காஹ். வருகிறவர்களுக்கு வாசலில் நின்று அத்தர் பூசிவிடுகிற பொறுப்பு என்னுடையது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கிற பொறுப்பு என் கடைக்கு எதிரே வண்டி போட்டிருந்த தேய்ப்புக்காரருடையது.

அவர் ராசிபுரத்துப் பக்கம். பன்னிரண்டு வருடமாக எனக்கு எதிரே நிற்கிறார். அவருக்கு நிழல் கொடுத்த புங்கமரத்தைச் சாக்கடை வேலைக்காக வெட்டிவிட்டார்கள். மேலே சேலத்து வெயில், கீழே கரிப்பெட்டி. இரண்டு கோடையை அப்படியே ஓட்டினார். மண்டபத்துக்காரர் பார்த்துவிட்டு, “கல்யாணம் முடியட்டும், மண்டபத்து மாடிப்படிக்கு அடியில எடத்தப் போட்டுக்க” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே நிழல் உண்டு, மின்விசிறி உண்டு, கரண்ட் பெட்டி மாட்ட பிளக் உண்டு. மனிதர் அன்றைக்கே போய் அந்த இடத்தை முழம் போட்டு அளந்துவிட்டு வந்தார்.

“மேசை இப்படிங்க பாய், ஃபேன் நேரா மண்டைக்கு மேலங்க” என்று என் கடைக் கண்ணாடி மேல் விரலால் வரைந்து காட்டினார்.

“நிழலுக்குப் போனா வெளுத்துருவீங்களே. உங்க ஊட்டம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?” என்றேன், அவர் பேச்சையே கடன் வாங்கி.

“கொரல வெச்சே கண்டுபுடிச்சிருவாளுங்க. நான் பேசாம இருந்தாத்தானுங்க சந்தேகப்படுவா.”

கல்யாணத்தன்று வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் சாதாரணச் சந்தன அத்தர்தான் பூசினேன். மாப்பிள்ளைக்கு மட்டும் ஸ்பெஷல். ஐந்து வருடம் வெள்ளிக்கிழமைக் காற்று வாங்கிய கேரவேயைத் தாராளமாக விட்டு, லாவெண்டரோடு கலந்திருந்தேன். அன்று அதன் வாசனை கொஞ்சம் மங்கலாக, பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன் பக்கமாக இருந்தது எனக்கும் தெரிந்தது. முதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க நிற்கட்டும் என்று அவன் காலரைத் தூக்கி உட்புறம் சுற்றிலும், கழுத்தில் படும்படி, பஞ்சால் தேய்த்துவிட்டேன். “மாமு, போதும்” என்றான். “ஆயுசுக்கு ஒரு தடவைதானடா” என்று இன்னொரு சுற்றும் ஓட்டினேன்.

மறுநாள் காலை மண்டபத்துக்காரர் போன் செய்தார்.

“என்னப்பா, பையனுக்குக் கழுத்தெல்லாம் செவந்து தடிச்சுக் கெடக்கு. சரியாக் காலர் போட்ட மாதிரி வட்டமா இருக்கு. என்னத்தத் தடவுன?”

என் வாய் என்னைவிட வேகமானது. ஊரில் அதற்காகத்தான் எனக்குப் பேர். அது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “காலர் மாதிரியா? அப்போ கஞ்சியா இருக்குமோ என்னவோ. தேய்க்கிறவர் எதையாவது ஜாஸ்தியாப் போட்டாரான்னு கேட்டீங்களா?”

குற்றம் சாட்டவில்லை, கேள்விதானே கேட்டேன் என்று போனை வைத்த பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் பயம் பிடித்தது. வாசலில் வரிசையாக நின்ற அத்தனை பேரும் சிவந்த கையை நீட்டிக்கொண்டு பேட்டை வழியாக என் கடைக்கு ஊர்வலம் வருவது போலத் தோன்றியது. அவர்களுக்கெல்லாம் பூசியது வேறு அத்தர் என்பது அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நம்பிக்கை இல்லாமல் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சிவந்துவிட்டது. ஐயோ என்று உட்கார்ந்தேன்.

எழுந்ததும் எண்ணெய் அனுப்பிய சென்னை வியாபாரிக்குப் போன் செய்து, யாரோ ஒருவருக்காகக் கேட்பது போலக் கேட்டேன்.

“கேரவேயா? காத்துப் பட்டாக் கெட்டுரும் பாய். கெட்டது தோல்ல பட்டா அரிக்கும், தடிக்கும். இறுக்கி மூடிக் குளிர்ச்சியா வெச்சிருக்கணும். அவரு எப்படி வெச்சிருந்தாராம்?”

“மூச்சு விடட்டும்னு அப்பப்போ தெறந்து வெச்சாராம்.”

 அந்தப் பக்கம் சிரிப்பு. “எண்ணெய்க்கு மூச்சா? அந்த ஆளு நல்லா இருக்காரா பாய்?”

அந்த ஆள், அதாவது நான், நன்றாக இல்லை. கடையிலிருந்து பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய், உலகத்தில் வேறு இடமே கிடைக்காதது போல அரிசி டிரம்முக்குள் புதைத்தான். மறுநாள் மதியம் என் மனைவி சோற்றை வடித்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

“ஏங்க, வெறும் சோறுதான் வெச்சேன். பிரியாணி வாசம் எங்கேருந்து வருது?”

“நல்ல அரிசி.”

“நல்ல அரிசிக்குள்ள பாட்டிலும் இருந்துச்சு” என்று அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்வலம் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சி வந்த இடத்தில் நின்றுவிட்டது. “அந்த மனுசன் என்னங்க பண்ணாரு?” என்று மட்டும் கேட்டாள். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அந்த நாளைக்கு அவர் முந்திக்கொண்டார். காலையில் கடை திறந்ததும் கையில் ஒரு துணிப்பையோடு தேய்ப்புக்காரர் வந்தார். உள்ளே மாப்பிள்ளையின் சட்டை. மண்டபத்துக்காரர் வீட்டில் அதைத் திருப்பி எறிந்து, மாடிப்படி விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

“ஏனுங்க பாய், நான் கஞ்சியே போடலீங்க. வெறும் தண்ணிதானுங்க தெளிச்சேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. உங்க மூக்குக்குத் தப்பாதுங்களே. மோந்து பாத்து நீங்களே சொல்லிப்போடுங்க.”

சட்டையை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். காலரில் லாவெண்டர் எப்போதோ பறந்துவிட்டிருந்தது. என் கேரவே மட்டும், கெட்டுப்போய், பழைய பெயின்ட் டப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது. வாசல் படியில் ஒருவர் பீடி பற்ற வைத்தால் புகையிலை எந்த ரகம் என்று சொல்லிவிடும் மூக்கு இது. பதில் சொல்லும் வேலையை மட்டும் வாய்தான் செய்தது.

“சோப்புத் தூள் வாசம் மாதிரிதான் இருக்கு.”

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்க வேண்டாம். “அப்படிச் சொல்லுங்க பாய்! தொவைச்சது அவங்க ஊட்டு மெஷின்லதானுங்க. நான் தேய்ச்சதோட சரிங்க. போய்ச் சொல்லிப்போட்டு வாரேனுங்க” என்று பையைச் சுருட்டிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு நடந்தார். பத்தடி தூரம்தான், கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் கல்லாவில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் துவைக்கத் தெரியாதவர்களா என்று மண்டபத்துக்காரர் கத்தியது என் கடை வரை கேட்டது. கழுத்து ஒரு வாரத்தில் ஆறியது. மாப்பிள்ளை மனைவியோடு ஏற்காடு போய்வந்தான். எனக்குத் தைரியம் வர அதற்கு மேலும் சில நாள் பிடித்தது.

முதலில் மண்டபத்துக்காரரிடம் போனேன். கேட்டுவிட்டு முதுகில் தட்டினார். “அட, இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? விடுப்பா. ஆனா அந்த எடத்த வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேனே. வார்த்தை கொடுத்தாச்சு.” பிறகு தெருவைத் தாண்டி வண்டிக்குப் போனேன். வழியில் ஒரு நகைச்சுவை தயார் செய்து வைத்திருந்தேன். எண்ணெய் மூச்சு விட்ட கதையிலிருந்து ஆரம்பிப்பதாக ஏற்பாடு. வெயிலில் அவரைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது. நடந்ததை மட்டும் சொன்னேன்.

கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“அன்னிக்கு மோந்து பாத்தீங்களே பாய், அப்பவே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

 கையிலிருந்த சட்டையை அவர் மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து விரித்தார்.

எண்ணெய் கெட்டுப்போயிருந்தது. அதை நான்தான் கெடுத்தேன், நான்தான் தடவினேன். அவர் தெளித்தது வெறும் தண்ணீர். மாடிப்படிக்கு அடியில் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வண்டி என் கடைக்கு எதிரே அதே இடத்தில் நிற்கிறது.