பிரபுவின் மூத்த மகன்

பேராசிரியரின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டதை நான் கண்டதில்லை. கனடாவின் பிக்கரிங் நகரில் இருந்த அவர் வீட்டின் அந்த மேசை முழுக்க ஒரு வம்சாவளிப் படம் விரிந்து கிடக்கும். சுருண்டுவிடாதபடி நான்கு மூலையிலும் சூப் டின்கள். உச்சியில் ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு, எழுநூறு வருடத்துக்கு முந்திய ஆள். அவருக்குக் கீழே மூன்று பிள்ளைகள். ஆகக் கடைசி வரிசையில் பேராசிரியர். அவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் சொல்லச் சொல்லப் பிரபுவின் சரித்திரத்தைத் தட்டச்சு செய்வது என் வேலை. மோர்னிங்சைடில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தால் அப்பா கதவடியிலேயே கேட்பார்: "பிரபு இண்டைக்கு என்ன செய்தவராம்?"

பிரபு லேசுப்பட்டவர் அல்ல. இங்கிலாந்து அரசனோடு சண்டை பிடித்துத் தோற்றார். இனிச் சண்டைக்குக் கிளம்பமாட்டேன் என்று மூத்த மகனைப் பிணையாகக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் திரும்பவும் கிளம்பினார். மகன் சிறையிலேயே செத்துப்போனான். பேராசிரியர் இதை வானிலை அறிக்கை மாதிரிச் சொல்லிவிட்டு, "பிரபுவுக்குப் பிள்ளைகள் மூவர்" என்று எழுதச் சொன்னார்.

நாலு பேரல்லவா என்று கேட்டேன். மூத்தவனுக்கு நிலமும் இல்லை, வாரிசும் இல்லை, பேர்கூடத் தெரியாது என்றார். இங்கிலாந்துச் சிறைப் பதிவேட்டில் "பிரபுவின் மகன்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறதாம்.

எனக்குக் கோபத்தில் விசர் வந்துவிட்டது. அப்பா அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடப் படிவம் நிரப்பியது நான்தான். எல்லாப் பிள்ளைகளின் பேரையும் கேட்டிருந்தார்கள். பதினேழு வயதில் இயக்கத்தோடு போன தம்பியைப் பற்றி அப்போது ஒரு சேதியும் இல்லை. "அவன்ரை பேரைப் போடாதை பிள்ளை, பிறகு எங்களையும் உள்ளை விடமாட்டாங்கள்" என்று அப்பா போனில் சொன்னார். நான் போடவில்லை. அவர்கள் வந்து இரண்டு வருடத்தில் தம்பி ஊரில் உயிரோடு வந்து நின்றான். அவனுக்கு விண்ணப்பித்தோம். படிவத்தில் சொல்லாத பிள்ளையைக் கூப்பிட முடியாது என்று பதில் வந்தது. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து போய்விட்டான்.

அன்று இதையெல்லாம் பேராசிரியரிடம் கொட்டித் தீர்த்தேன். பேர் தெரியாவிட்டால் படத்தில் அவனுடைய பெட்டியை வெறுமையாக விடுங்கள், ஆனால் பெட்டியைப் போடுங்கள் என்றேன். மனிதர் "நால்வர்" என்று திருத்தச் சொன்னார். அப்பாவிடம் இதைப் பற்றி மட்டும் நான் மூச்சு விடவில்லை.

பேராசிரியர் இப்போது இல்லை. சென்ற மாதம் அவருடைய மகள் புத்தகத்தை அனுப்பியிருந்தார். அப்பா அதை மடியில் வைத்து வம்சாவளிப் படத்தில் விரலோட்டிக்கொண்டு வந்தார்.

"உந்தப் பெட்டி ஏன் வெறுமையாக் கிடக்குது?"

இனி மறைக்க முடியாது. சிறையில் செத்த, பேர் தெரியாத மூத்த மகனின் பெட்டி என்று சொன்னேன்.

"அப்ப, உப்பிடியொரு பெடியன் இருந்தவன் எண்டு ஆர் எழுதி வைச்சது?"

"பிடிச்சு வைச்சிருந்தவங்கள்தான், அப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"பார் பிள்ளை, பகையாளி எழுதி வைச்சிருக்கிறான். தேப்பன் நானெல்லோ எழுதாதை எண்டு சொன்னனான்."